பெரிய வடுவும் ஐந்து சிறு வடுக்களும்

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்த என் பெரியப்பாவின் வயிற்றில், மார்பெலும்பின் முனையில் தொடங்கித் தொப்புள்வரை இறங்கும் ஒரு வடு இருந்தது. வெயில் எறிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து இஸ்தோப்பில் அவர் சட்டையின்றி அமர்ந்திருக்கும்போது, சிறுவர்களாகிய நாங்கள் அதைத் தேசப்படத்தில் ஓடும் ஆற்றைப் பார்ப்பதுபோல் பார்ப்போம். 1978ஆம் ஆண்டு, கண்டிப் பெரியாசுபத்திரியில் வயிற்றுப் புண்ணுக்காக அவருடைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றியிருந்தார்கள். அதற்குப் பின்னர் அவர் அரை ரொட்டிக்கு மேல் உண்டதை யாரும் கண்டதில்லை. உடம்பும் தேறவில்லை. கலியாண வீடுகளில் இலை முன் அமர்ந்து இரண்டு கவளத்துடன் எழுந்துவிடுவார். "வயித்த வெட்டிட்டாங்க, அவரு என்னத்த சாப்பிடுவாரு" என்று பெரியம்மா சமாதானம் சொல்லுவார்.

தோட்டத்துக்கே தெரிந்த இந்தச் செய்தியை, அதற்கு ஒரு பத்தாண்டுக்கு முன்னரே அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் ஒரு மருத்துவர் வேறுவிதமாகப் படித்திருந்தார். அவர் பெயர் எட்வர்ட் மேசன். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் மெலிந்துபோவதையும், மெலிந்த பின்னர் எடை கூட இயலாமல் தவிப்பதையும் அவர் கண்டார். மற்றவர்கள் சத்திரசிகிச்சையின் பக்க விளைவென்று வருந்திய அதே மெலிவு, உடற்பருமனால் செத்துக்கொண்டிருப்பவருக்கு மருந்தாகாதா என்பது அவருடைய கேள்வி. 1966இல் அவர் முதலாவது இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைச் செய்தார். மறு ஆண்டில் இட்டோ என்ற மருத்துவருடன் சேர்ந்து அதனைப் பிரசுரித்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைகளின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். நூறு வயதைக் கடந்து, 2020 டிசம்பரில் அவர் மறைந்தார்.

மேசனுக்கு முன்னரும் முயற்சிகள் இருந்தன. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் லியோன் அரசை ஆண்ட சாஞ்சோ என்ற மன்னன், குதிரையேற முடியாத பருமனால் அரியணை இழந்து, கோர்தோபா நகரத்து யூத வைத்தியரான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூட்டிடம் சிகிச்சைக்குப் போனான். உணவு உள்ளே போகாதவாறு அவனுடைய உதடுகளைத் தைத்து, குழாய் வழியாகக் கஷாயம் மட்டும் கொடுத்தார்கள் என்று கதை வழங்குகிறது. மெலிந்து ஊர் திரும்பிய அவன் அரியணையை மீட்டான். கதையில் எவ்வளவு உண்மை என்பதை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுவோம். நவீன காலத்தில், 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமனும் அவருடைய சகாக்களும் சிறுகுடலின் நீளத்தில் பெரும்பகுதியை ஒதுக்கி இணைக்கும் முறையை எழுதினார்கள். உண்டது உடம்பில் சேராமல் கழிந்தது; எடை குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றோட்டமும், சிறுநீரகக் கற்களும், சிலருக்கு ஈரல் செயலிழப்பும் வந்தன. பல்லாயிரம் பேருக்குச் செய்த பின்னரே அந்த முறையைக் கைவிட்டார்கள். மேசனின் முறை நின்று நிலைத்ததற்கு ஒரு காரணம், அது குடலைப் பட்டினி போடாமல் இரைப்பையைச் சிறிதாக்கியது என்பதுதான்.

இவை யாவும் வயிற்றைத் திறந்து செய்யப்பட்டவை. திறப்பது என்றால் என்ன என்பதை இன்றைய வாசகர்கள் மறந்துவிடக்கூடும். 1867ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில்தான் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், ஆங்கிலச் சத்திரசிகிச்சை நூலொன்றைத் தழுவி 'இரணவைத்தியம்' என்ற தமிழ் நூலை வெளிக்கொணர்ந்தார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கிய பெருமகன் அவர். அதே 1867இல்தான் ஜோசப் லிஸ்டர், காயங்களில் கிருமி புகாமல் காபோலிக் அமிலத்தால் காக்கும் முறையை லான்செட் சஞ்சிகையில் எழுதினார். அதாவது, தமிழில் சத்திரசிகிச்சை நூல் அச்சேறிய காலத்தில் வயிற்றைத் திறப்பது ஏறக்குறைய மரண தண்டனைக்குச் சமம். கிறீன் தெரிந்தெடுத்த பெயரும் பொருத்தமே: அன்றைய சத்திரசிகிச்சை இரணத்துக்கு, வெளிக் காயத்துக்கு, செய்யப்பட்டதே பெரும்பாலும். இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றி நோயாளியை உயிருடன் எழுப்பிய முதல் வெற்றியை வியன்னாவில் தியோடோர் பில்ரோத் 1881இல்தான் கண்டார்.

(ஈழத்தில் நாம் 'சத்திரசிகிச்சை' என்று எழுதுவதைப் பார்த்துத் தமிழகத்து நண்பர்கள் வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தை நினைத்துச் சிரிப்பதுண்டு. சஸ்திரம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் அது. ஆயுதம், கத்தி என்று பொருள். அவர்களுடைய 'அறுவை'க்கும் தமிழகத்தில் இன்னொரு பொருள் உண்டு என்பதால் நானும் பதிலுக்குச் சிரித்துக்கொள்வேன்.)

பருத்த உடலைத் திறப்பதில் தனியான தொல்லைகள் இருக்கின்றன. தோலுக்குக் கீழே பல அங்குலக் கொழுப்பு; அதற்கு இரத்த ஓட்டம் குறைவு; ஆகவே காயம் எளிதில் சீழ் பிடிக்கும். மேல் வயிற்றில் வெட்டு இருப்பதால் மூச்சை ஆழமாக இழுத்தால் வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடும் நோயாளிக்குச் சுவாசப்பையில் சளி தேங்கி நியூமோனியா வரும். எழுந்து நடக்கத் தாமதமானால் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து. இவற்றையெல்லாம் தாண்டி வீடு திரும்பியவருக்கும், தைத்த தசை மெல்லப் பிரிந்து குடல் பிதுங்கும் 'வெட்டுக்காயக் குடலிறக்கம்' காத்திருந்தது. என் பெரியப்பா பருமனானவர் அல்லர். அவருக்கே இரண்டாண்டுக்குள் அந்த வடுவின் நடுவில் ஒரு புடைப்புத் தோன்றிவிட்டது. அகலமான துணிப் பட்டியொன்றை இறுகக் கட்டிக்கொண்டுதான் பிரட்டுக்குப் போவார்.

திறக்காமல் உள்ளே பார்க்கும் ஆசையும் பழையதுதான். 1901இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் கியோர்க் கெல்லிங், ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை அதற்குள் செலுத்திக் காட்டினார். 1910இல் சுவீடனின் ஜேக்கபேயஸ் மனிதரிடம் அதைச் செய்தார். பின்னர் பல பத்தாண்டுகளுக்கு இது பார்ப்பதற்கான வழியாகவே இருந்தது. பெண்ணோயியல் மருத்துவர்கள்தாம் அதனை அதிகமாகக் கையாண்டார்கள். ஆங்கிலேய இயற்பியலாளர் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு வில்லைகள் அந்தப் பார்வையைத் தெளிவாக்கின.

பார்ப்பதிலிருந்து வெட்டுவதற்குப் போனவர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஜேர்மனியின் கீல் நகரத்துப் பெண்ணோயியல் பேராசிரியர் கூர்ட் செம், 1980 செப்டெம்பரில் குடல்வாலைத் துளை வழியாக அகற்றினார். அவருடைய மருத்துவப் பத்திரத்தையே இடைநிறுத்த வேண்டும் என்று சத்திரசிகிச்சையாளர்கள் தரப்பிலிருந்து கோரிக்கை எழுந்தது. இத்தகைய வேலையில் இறங்குபவருக்கு மூளையில் ஏதோ கோளாறு இருக்கவேண்டும் என்று சகாக்கள் அவரை மூளைப் பரிசோதனைக்கே அனுப்பினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. 1985 செப்டெம்பரில் பொப்லிங்கன் நகரில் எரிக் மூஹே பித்தப்பையை அவ்வாறு அகற்றினார். மறு ஆண்டு ஜேர்மனியச் சத்திரசிகிச்சையாளர் மாநாட்டில் அதை எடுத்துரைத்தபோது கிடைத்தது ஏளனம். நோயாளி ஒருவரின் மரணம் தொடர்பில் வழக்கையும் எதிர்கொண்டு, 1990இல்தான் அவர் அதிலிருந்து மீண்டார். பெரிய சத்திரசிகிச்சை நிபுணர் பெரிதாகத்தான் வெட்டுவார் என்பது அந்தத் தலைமுறையின் வேதம். நன்றாகத் தெரிய வேண்டுமானால் நன்றாகத் திறக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அதில் நியாயமும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. கையால் தொட்டு அறியும் நோயை, தொலைக்காட்சித் திரையைப் பார்த்து அறிய வேண்டுமென்றால் யாருக்குத்தான் தயக்கம் வராது?

நம்முடைய பிராந்தியத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் மும்பையின் டெம்டன் உட்வாடியா. 1972இலேயே லப்பரஸ்கோப்பி மூலம் நோயறியத் தொடங்கியவர் அவர். 1990 மே 31ஆம் திகதி, மும்பை ஜே.ஜே. அரசு வைத்தியசாலையில் இந்தியாவின் முதலாவது துளைவழிப் பித்தப்பைச் சத்திரசிகிச்சையைச் செய்தார். 2023 ஜனவரியில் காலமானார். அவரைப் பற்றி நான் குறிப்பிட விரும்புவது வேறொன்று. இது பணக்காரர்களின் சொகுசு, ஏழை நாட்டுக்கு எதற்கு என்ற வாதத்தை அவர் தலைகீழாக்கினார். நாட்கூலிக்காரன் ஒரு மாதம் படுத்தால் குடும்பம் பட்டினி. ஒரு வாரத்தில் எழுந்து வேலைக்குப் போகும் சிகிச்சை அவனுக்குத்தான் முதலில் வேண்டும் என்றார். ஏறத்தாழ அதே காலத்தில், 1991இல், கோயம்புத்தூரில் இதைத் தொடங்கியவர் சி. பழனிவேலு. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, இளமையில் மலேசியாவில் கூலி வேலை செய்து, வயது கடந்த பின்னர் பள்ளிக்கூடம் திரும்பி மருத்துவரானவர் அவர். தோட்டத்திலிருந்து எழுதும் எனக்கு இந்தத் தகவலைக் கடந்துபோக மனமில்லை.

எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குள் துளை புகுந்தது 1993இல். பெல்ஜியத்தில் பெலாசூ இரைப்பையின் மேற்பகுதியில் இறுக்கித் தளர்த்தக்கூடிய பட்டியைத் துளை வழியாக மாட்டினார். அமெரிக்காவின் சான் டியாகோவில் அலன் விட்குரோவும் வெஸ்லி கிளார்க்கும், மேசனின் வழிவந்த மாற்றுவழிச் சத்திரசிகிச்சையையே முழுமையாகத் துளை வழியாகச் செய்து, மறு ஆண்டில் முதல் ஐவரின் விபரத்தை வெளியிட்டார்கள். 1999 ஆகஸ்ட் மாதம் பாடகி கார்னி வில்சன், விட்குரோவின் கையால் தனக்கு நடந்த சிகிச்சையை இணையத்தில் நேரடியாகவே ஒளிபரப்ப இசைந்தார். அதன்பின் நோயாளிகளின் கேள்வி மாறிவிட்டது. 'செய்வதா வேண்டாமா' என்பது போய், 'திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா' என்பதாயிற்று.

இந்தக் கேள்விக்கு முதல் தெளிவான விடைகளுள் ஒன்றைத் தந்தவர் கலிபோர்னியாவின் நின் நுயென். அவருடைய குழு 155 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்ததுபோல் இரண்டாகப் பிரித்தது: 79 பேருக்குத் துளை, 76 பேருக்குத் திறப்பு. 2001இல் வெளியான முடிவுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். துளை வழிக்குச் சராசரியாக அரைமணி நேரம் கூடுதலாக எடுத்தது. இரத்த இழப்பு 395 மில்லிலீற்றரிலிருந்து 137 ஆகக் குறைந்தது. வைத்தியசாலையில் தங்கியது 4 நாட்களுக்குப் பதில் 3 நாட்கள். அன்றாட வேலைகளுக்குத் திரும்ப 18 நாட்கள் ஆன இடத்தில் 8 நாட்கள். திறந்து செய்தவர்களில் 7.9 வீதத்தினருக்கு வெட்டுக்காயக் குடலிறக்கம். துளை போட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் இரைப்பையும் குடலும் இணைந்த இடம் பின்னர் சுருங்கிப்போகும் தொல்லை துளை வழியில் 11.4 வீதம், திறந்த வழியில் 2.6 வீதம். ஓராண்டின் முடிவில் எடை குறைந்த அளவு? ஏறக்குறைய ஒன்றேதான்.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாசல் வேறு, உள்ளே நடக்கும் வேலை ஒன்று. முப்பது மில்லிலீற்றர் அளவான சிறு பையைப் பிரித்து, குடலை ஆங்கில 'வை' எழுத்தின் வடிவில் கொண்டுவந்து தைப்பது இரண்டிலும் ஒன்றே. வாழ்நாள் முழுவதும் பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி எடுக்க வேண்டியதும் இரண்டிலும் ஒன்றே.

திறந்த வழியின் ஆதரவாளர்கள் உடனே களத்தை விட்டு ஓடிவிடவில்லை. 2006இல் கென்னத் ஜோன்ஸ் முதலானவர்கள், திறந்து செய்யப்பட்ட 25,000க்கு மேற்பட்ட சிகிச்சைகளைத் தொகுத்து, தேர்ந்த கைகளில் அது பாதுகாப்பானது, செலவும் குறைவு என்று வாதிட்டார்கள். மறுபக்கத்தில், அமெரிக்காவின் பத்து நிலையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. 4,776 நோயாளிகள். மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் துளை போட்டுச் செய்துகொண்டவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.2 வீதம், திறந்து செய்துகொண்டவர்களில் 2.1 வீதம். பத்து மடங்கு! பத்திரிகைக்காரன் கண்ணில் பட்டால் தலைப்பாகிவிடும் எண் இது. ஆனால் திறந்த வழிக்கு அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் மேலும் பருத்தவர்கள், மேலும் நோயுற்றவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வித்தியாசம் முழுவதும் கத்தியால் வந்ததன்று. எனினும், அந்தத் தசாப்தத்தின் முடிவில் வாதம் ஓய்ந்துவிட்டது. திறப்பு இப்போது முதல் தெரிவு அல்ல. பழைய சத்திரசிகிச்சைகளால் வயிறு உள்ளே ஒட்டிக் கிடப்பவர்களுக்கும், துளை போட்ட பின்னர் எதிர்பாராத சிக்கல் கண்டவர்களுக்கும் உரிய வழி. துளையில் தொடங்கித் திறப்பில் முடிப்பதை நிபுணரின் தோல்வியாக எண்ணுபவர்கள் நம்மவர்களில் நிறைய. பிடிவாதமாகத் துளையிலேயே நிற்பவரைவிட நேரத்தில் திறப்பவரே நல்ல நிபுணர் என்பது என் எண்ணம்.

துளை வழியின் வெற்றிக்குள் ஒரு முரண் ஒளிந்திருந்தது. திறந்த வயிறு ஆறும்போது, குடல்கள் ஒன்றோடொன்றும் சுவரோடும் ஒட்டிக்கொள்ளும். பல நோயாளிகளுக்குப் பின்னாளில் குடலடைப்பை உண்டாக்கும் கெட்ட விடயம் அது. ஆனால் அதே ஒட்டல், இடம் மாற்றித் தைக்கப்பட்ட குடலைக் கயிறு கட்டியதுபோல் நிறுத்தியும் வைத்தது. துளை வழியில் ஒட்டல் குறைவு. குடல் சுதந்திரமாக அசைகிறது. எடை குறையக் குறைய உள்ளிருக்கும் கொழுப்பும் கரைந்து, குடலைத் தாங்கும் மடிப்புகளில் இடைவெளிகள் பெரிதாகின்றன. ஓராண்டோ மூன்றாண்டோ கழித்து, ஒரு நள்ளிரவில், அந்த இடைவெளிக்குள் குடலின் ஒரு வளைவு நழுவி முறுக்கிக்கொள்ளும். உட்குடலிறக்கம் என்று பெயர். சில மணித்தியாலங்களில் குடல் அழுகத் தொடங்கிவிடலாம். 2016இல் லான்செட்டில் வந்த சுவீடன் ஆய்வு, 2,507 பேரை வைத்து, அந்த இடைவெளிகளை முதல் நாளே தைத்து மூடினால் குடலடைப்புக்காக மூன்றாண்டுக்குள் மீண்டும் சத்திரசிகிச்சைக்குப் போவோர் 10.2 வீதத்திலிருந்து 5.5 வீதமாகக் குறைவதைக் காட்டியது. இன்று தேர்ந்தவர்கள் மூடாமல் விடுவதில்லை.

வாசல் மாறியதால் உள்ளே நடக்கும் வேலையும் மெல்ல மாறியது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. மிகப் பருத்தவர்களுக்கு நீண்ட நேரத் துளைவழிச் சிகிச்சை ஆபத்தாக இருந்தபடியால், மிஷேல் கானியே முதலானவர்கள் 2000ஆம் ஆண்டையொட்டி வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் இரைப்பையை நெடுக்காக வெட்டி வாழைக்காய் வடிவக் குழாயாக்குவது. எடை சற்றுக் குறைந்த பின் இரண்டாம் கட்டமாகக் குடலை மாற்றுவது. பலருக்கு இரண்டாம் கட்டம் தேவைப்படவேயில்லை. அவ்வாறு பாதி வேலையாகத் தொடங்கிய 'சிலீவ்' சத்திரசிகிச்சைதான் இன்று உலகில் ஆகக் கூடுதலாகச் செய்யப்படுவது. இரைப்பையின் முக்கால்பங்குக்கு மேல் அகற்றப்படும். திரும்ப வைக்க வழியில்லை. வெளியில் தெரிவதோ அரை அங்குல வடுக்கள் ஐந்து.

இந்த ஐந்து வடுக்கள் எனக்குக் கவலை தருவதற்குக் காரணம் இருக்கிறது. பெரியப்பாவின் பேத்தி பன்வில பக்கத்தில் ஆசிரியை. வயது 36, உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 112 கிலோ. உடற்திணிவுச் சுட்டெண் ஏறத்தாழ 45. ஆறாண்டாக நீரிழிவு. 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்குக்கும் வழியின்றி மனிதர்கள் செத்த தோட்டங்களின் வழிவந்தவள். பட்டினி கிடந்த தாயின் வயிற்றில் வளரும் குழந்தை கிடைத்ததையெல்லாம் கொழுப்பாகச் சேமிக்கக் கற்றுக்கொள்கிறது என்றும், பின்னாளில் சோறு தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பாடமே நோயாகிறது என்றும் ஒரு கருத்து மருத்துவ உலகில் வலுவாக உண்டு. 2005-2006இல் நடந்த தேசிய ஆய்வு, இலங்கையின் வயது வந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தச் சிகிச்சைக்கு 1991இல் அமெரிக்கர்கள் வகுத்த எல்லை, சுட்டெண் 40, அல்லது கூடவே நோயிருந்தால் 35. 2022இல் அதை 35 ஆகவும், நீரிழிவு இருந்தால் 30 ஆகவும் தளர்த்தினார்கள், ஆசியருக்கு 27.5 என்றார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவள் தகுதியுடையவள்.

"மாமா, தொறந்து செய்றதா, தொளை போட்டு செய்றதா, எது நல்லது? நீங்க நாலு எடம் விசாரிச்சு எழுதுறவங்க" என்று தொலைபேசியில் கேட்டாள். சென்னைக்குப் போகும் எண்ணமும் அவளுக்கு இருந்தது. மூன்று நாளில் திரும்பிவிடலாம், சிறு துளைதானே என்றாள்.

துளைதான் சிறியது, தங்கச்சி மகளே, என்று சொன்னேன். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இதே சிகிச்சைக்காகத் தனியார் வைத்தியசாலையொன்றில் படுத்து மேசையிலிருந்து எழாமற்போனதையும், தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்ததையும் அவளிடம் மறைக்கவில்லை. நல்ல நிலையங்களில் மரணம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்பதையும், பருமனோடும் நீரிழிவோடும் இருபதாண்டு கழிப்பதிலும் சாவு இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னேன். 2007இல் வெளிவந்த சுவீடனின் நெடுங்கால ஆய்வு, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களே கூடுதல் காலம் உயிர்வாழ்ந்தார்கள் என்று காட்டியது. அவர்களுள் பெரும்பாலானோர் பழைய முறையில் வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. செமாகுளூடைட் போன்ற ஊசிகள் வந்துவிட்ட காலம் இது என்பதையும் நினைவூட்டினேன். ஆசிரியைச் சம்பளத்தில் அந்த ஊசியை மாதாமாதம் வாங்க முடியுமா என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் அவளுக்குச் சொன்ன முக்கியமான விடயம் இதுதான். பெரியப்பாவின் வடுவைப் பார்த்த எந்த டொக்டருக்கும், தோட்டத்து மருந்துக்காரருக்கும்கூட, அவருடைய வயிற்றில் பெரிய வேலை நடந்திருக்கிறது என்பது புரியும். உனது ஐந்து புள்ளிகளைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்கள்? பித்தப்பையா, குடல்வாலா, கருத்தடையா? நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடுல்கெல்ல ஆசுபத்திரிக்குப் போனால், வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். அங்கிருந்து பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்கு மலைப்பாதை. மழைக்காலத்தில் அந்தப் பாதை எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் தைத்தவர் அந்த நேரம் சென்னையில் இருப்பார்.

ஆகவே வெட்டின் நீளத்தைப் பற்றி அவள் கேட்கப்போவதில்லை. நாங்கள் இருவரும் பேசி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்ட கேள்விகள் வேறு. இரைப்பையைக் குழாயாக்குவதா, குடலையும் மாற்றுவதா, எனக்கு ஏன் இது? இந்த மேசையில் நீங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? குடலின் இடைவெளிகளை மூடுவீர்களா? திறக்க வேண்டி வந்தால் திறப்பது நீங்களா, வேறு ஒருவரை அழைப்பீர்களா? ஒரு வருடம் கழித்து இரவு பன்னிரண்டு மணிக்கு வலித்தால் கண்டியில் எந்த வாட்டில் யாரைத் தேட வேண்டும்? பிள்ளை பெற நினைத்தால் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும்? பி12 ஊசிக்கு எந்தக் கிளினிக்?

கண்டியில் அவள் சந்தித்த நிபுணர் அந்தக் கொப்பியை வாங்கி வாசித்துவிட்டு, ஐந்தாவது கேள்விக்கு மட்டும் சற்று நேரம் யோசித்தாராம். பின்னர், சிகிச்சை முடிந்ததும் உள்ளே செய்ததைப் படமாக வரைந்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் தருவதாகவும், அதைக் கடவுச்சீட்டு அளவுக்கு மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எந்நேரமும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். தமிழிலும் ஒரு பிரதி வேண்டும், வீட்டில் அம்மாவுக்கு அதுதான் வாசிக்கத் தெரியும் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் தாதியொருவரை அழைத்தாராம். சென்னைப் பயணத்தை அவள் இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறாள். அடுத்த கிளினிக்குக்கு முன்னர் இரத்தப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, தினமும் அரைமணி நேரம் நடந்து வரும்படி சொல்லியிருக்கிறார்கள்.